நாற்பத்தொன்றில் நின்ற மாப்பிள்ளை

போன வாரம் மகளுக்கு ஒரு பார்சல் வந்தது. இப்போது பெரம்பலூரில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுவதுதான் என் பிழைப்பு. நான் ஒரு நடை போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் அட்டைப் பெட்டியைப் பிரித்து வைத்திருந்தாள். உள்ளே கறுப்பாக, செங்கல் கனத்தில் ஒரு சாமான். கிராபிக்ஸ் கார்டு. அவள் அரியலூரில் காலேஜ் படிக்கிறாள். கட்டடத்தைக் கட்டுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரிலேயே கட்டிப் பார்க்கிற படிப்பு. அதற்கு இது வேண்டுமாம்.

பெட்டியிலிருந்து ஒரு வாசனை வந்தது. புது ரப்பர் செருப்பையும் புது மின்விசிறியையும் சேர்த்து மோந்த மாதிரி. எனக்குத் தெரிந்த வாசனை. கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

“என்னப்பா?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. மாட்டு.”

மாட்டினாள். ஓடியது. கால் மணி நேரம் போயிருக்கும். திரையில் எல்லாம் அப்படியே நின்றது. மவுசை ஆட்டினாள், நகரவில்லை. “ஃப்ரீஸ் ஆயிடுச்சுப்பா” என்றாள்.

“கல்மரம்” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“என்னது?”

ஒரே வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அவளிடம் பாதிதான் சொன்னேன். மீதியை உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. குன்னத்திலிருந்து தினமும் பஸ் ஏறி அரியலூருக்கு வேலைக்குப் போவேன். பன்னீர் அண்ணன் என்று ஒருவர் ஸ்டுடியோ வைத்திருந்தார். கீழே போட்டோ எடுக்கிற இடம். மாடியில் ஒரு அறை, அதில் கம்ப்யூட்டர். கல்யாணங்களுக்குப் போய் வீடியோ எடுப்பது அவர் வேலை. மாடியில் உட்கார்ந்து மிக்சிங் செய்வது என் வேலை. மிக்சிங் என்றால் வெட்டுவது, ஒட்டுவது, பாட்டுப் போடுவது, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு ரோஜாப்பூவுக்குள்ளிருந்து வெளியே வருகிற மாதிரி செய்வது. இப்போது பார்த்தால் சிரிப்பீர்கள். அப்போது ரோஜாப்பூ இல்லாமல் கொடுத்தால் வீட்டுக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும். கம்ப்யூட்டரில் இருக்கிற பட்டன்களை இடத்தை வைத்துத் தெரிந்துகொண்டேன். மேலே இடது பக்கம் மூன்றாவதை அழுத்தினால் வெட்டும். அதற்குப் பக்கத்தில் இருப்பதைத் தொடக் கூடாது. ஏன் தொடக் கூடாது என்று இன்றுவரை தெரியாது. ஒருமுறை புது சாப்ட்வேர் போட்டார்கள். பட்டன்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. இரண்டு நாள் வீடு மாறிய பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன்.

வெட்டி ஒட்டி முடித்தபின் எல்லாவற்றையும் ஒன்றாக்கக் கம்ப்யூட்டர் தனியாக நேரம் எடுத்துக்கொள்ளும். திரையில் ஒன்று, இரண்டு என்று சதவீதம் ஏறும். நூறு வந்தால் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துவிடலாம். அதற்கு ரெண்டர் என்று பேர். நாங்கள் வேகுது என்போம். கீழேயிருந்து பன்னீர் அண்ணன் குரல் கொடுப்பார்.

“வெந்துடுச்சாடா?”

“அரை வேக்காடுண்ணே.”

பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர்கள் மாடியில் சமையல் நடக்கிறது என்று நினைத்ததுண்டு. ஒரு அம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “வாசனையே வரலீங்களே” என்று கேட்டதும் உண்டு.

வேகும்போது சில நேரம் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். அதற்குத்தான் கல்மரம். சாத்தனூரில் ஒன்று கிடக்கிறது, தெரிந்திருக்கும். முன்னொரு காலத்தில் மரம், இப்போது கல். ஏழாம் வகுப்பில் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். பார்க்க மரமாகத்தான் இருந்தது. நம்பாமல் ஓங்கி ஒரு குத்து விட்டேன். வலது கை வீங்கிவிட்டது. ஒரு வாரம் இடது கையால் சாப்பிட்டேன். இடது கையால் சாப்பிட்டதற்கு அம்மா தனியாக அடித்தாள். ஸ்டுடியோவில் முதல்முறை கம்ப்யூட்டர் நின்றபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. பார்க்க உயிரோடு இருக்கிறது, தட்டினால் கல். “அண்ணே, கல்மரம்” என்று கத்தினேன். அன்றிலிருந்து எங்கள் கடையில் அதுதான் வார்த்தை.

ஒருநாள் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இருந்த கிராபிக்ஸ் கார்டு கருகிவிட்டது. பொரிகடலை தீய்ந்த வாசனை வந்தது, அதோடு போயிற்று. திருச்சியில் ஒரு கடையிலிருந்து புதுக் கார்டு வரவழைத்தார் பன்னீர் அண்ணன். ஒரு புதன்கிழமை காலையில் பஸ்ஸில் வந்து இறங்கியது. மகளுடைய பெட்டியிலிருந்து வந்தது என்று சொன்னேனே ஒரு வாசனை, அதேதான்.

எங்கள் ஸ்டுடியோவில் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் பொட்டு வைத்துவிட்டுத்தான் தொடுவோம். கேமரா, ஸ்டேண்டு, லைட்டு, பேட்டரி, பெருக்குகிற துடைப்பம் வரைக்கும். அது என் பொறுப்பு. அன்றைக்குச் சந்தனம் குழைத்தபோது கொஞ்சம் தண்ணீர் கூடிவிட்டது. கார்டில் எங்கே வைப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் வெறும் பலகை, கூர்கூராக ஈயம் வைத்திருந்தது. மறுபக்கம் நடுவில் வட்டமாக ஒரு சின்ன விசிறி. அது முகம் மாதிரி இருந்தது. நடு நெற்றியில் வைப்பதுபோல் அதன் நடுவில் நன்றாக ஒரு பொட்டு வைத்தேன். மேலே குங்குமம். கற்பூரம் காட்டினேன். பன்னீர் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு மாட்டினேன். அந்தக் கார்டை மாட்டினால் விசிறி கீழே பார்த்தபடி இருக்கும். பொட்டும் கீழே போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாதது மனசிலிருந்தும் போய்விட்டது.

அப்போது கையில் இருந்தது திருமானூர்ப் பக்கத்துக் கல்யாணம். பெண்ணின் அண்ணன் கலியபெருமாள்தான் எங்களைப் பேசி வைத்தவர். கரும்புத் தோட்டங்களுக்குத் தண்ணீர் மோட்டார் பார்ப்பது அவர் தொழில். கழற்றுவார், பூட்டுவார், கிணற்றில் இறங்குவார். அவருடைய அப்பா கரும்பு வெட்டுகிறவர். வெட்டின கட்டை காலில் குத்தி, சர்க்கரை இருந்ததால் ஆறாமல், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கல்யாணத் தேதியை மாற்றக் கூடாது என்று அவர் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். மகள் கல்யாணம் நடந்த அன்று அவருக்கு இரண்டு விரலை எடுத்தார்கள். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தது சித்தப்பா.

இப்போது கலியபெருமாளின் அப்பா வீட்டில் கட்டிலில் இருந்தார். காயம் மேலே ஏறிவிட்டது. திங்கட்கிழமை மறுபடி ஆஸ்பத்திரி. இந்தத் தடவை முழங்காலுக்குக் கீழே. அதற்குள் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அவர் சொன்னார். திரும்பி வருவேனோ மாட்டேனோ என்று சொன்னாராம். கலியபெருமாள் அதை எங்களிடம் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

முகூர்த்தமும் பந்தியும் ஒரு டிஸ்க். வேக ஒரு மணி நேரம் ஆகும். புதன்கிழமை மத்தியானம் வேக வைத்தேன். நாற்பத்தொரு சதவீதத்தில் கல்மரம்.

மறுபடி வைத்தேன். நாற்பத்தொன்று.

இன்னொரு தடவை. நாற்பத்தொன்று.

அந்த இடத்தில் திரையில் என்ன இருந்தது தெரியுமா? மாப்பிள்ளை இரண்டு கையிலும் தாலியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பார். பெண் தலையைக் குனிந்திருக்கும். கெட்டிமேளம் கொட்டச் சொல்லி ஒருவர் விரலைத் தூக்கியிருப்பார். எல்லாரும் அப்படியே நிற்பார்கள். கையில் அட்சதையோடு அறுபது பேர்.

வியாழக்கிழமை கலியபெருமாள் வந்தார். மாடிக்கு ஏறி வந்து சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நாற்காலியை நகர்த்திப் போட்டேன். “இருக்கட்டும் தம்பி” என்றார். எங்கள் அப்பாவும் அப்படித்தான். கடையில், ஆபீசில், எங்கே நாற்காலி கிடந்தாலும் தரைதான். ஏன் என்று நான் கலியபெருமாளைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

“ஆயிடுச்சுங்களா?”

“இன்னும் வேகலண்ணே.”

“எங்கன நிக்குது?”

திரையைக் காட்டினேன். எழுந்து கிட்டே வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“தாலி கட்டுறப்பயா நிக்குது?”

“கம்ப்யூட்டர்தாண்ணே நிக்குது. கல்யாணம் நிக்கல.”

“அது தெரியுது தம்பி. எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. ஏற்கெனவே ஆயிரம் நெனச்சிக்கிட்டுக் கெடக்குறாரு.”

“நான் அவரப் பாத்ததே இல்லையேண்ணே.”

“போன் பண்ணாலும் பண்ணுவாரு. ஒங்க நம்பர எழுதி வாங்கி வச்சிருக்காரு.”

பண்ணினார். சாயங்காலம் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது.

“தம்பி, வெந்துடுச்சா?” என்றது ஒரு குரல். மகன் வீட்டில் போய் எங்கள் வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்.

“வேகுதுங்க.”

“வெறகு ஈரமா?”

“ஆமாங்க. கொஞ்சம் ஈரம்.”

“ஊதி ஊதி எரிச்சிரு தம்பி. நேரமில்ல எனக்கு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போனை வைத்தபிறகு இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

பன்னீர் அண்ணன் முதலில் கரண்டைத் திட்டினார். அப்புறம் தூசியை. எங்கள் தெருவில் சுண்ணாம்புக் கல் லாரி போகாத நேரமில்லை. காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம். “சிமெண்டுத் தூசி உள்ள எறங்கி எறுகிருச்சுடா. கம்ப்யூட்டரே கட்டடமாயிருச்சு” என்றார். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பைக் கொண்டுவந்து அடித்தோம். ஒரு கைப்பிடி தூசி வந்தது. நாற்பத்தொன்று.

வெள்ளிக்கிழமை பன்னீர் அண்ணன் திருச்சிக் கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“டிரைவர மாத்திப் பாக்கச் சொல்றாரு.” கார்டோடு வருகிற சாப்ட்வேருக்கு அப்படி ஒரு பேர்.

சுவரோரத்திலிருந்து கலியபெருமாள் சொன்னார்: “வண்டியே நகரலீங்க. டிரைவர மாத்தி என்ன பண்றது?”

மாற்றினேன். நாற்பத்தொன்று.

அப்புறம் எனக்கு ஒன்று தோன்றியது. பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து நேராக வைத்தேன். வேக வைத்தேன். மூன்று பேரும் திரையையே பார்த்தோம். நாற்பது. நாற்பத்தொன்று. மாப்பிள்ளை குனிந்தார். நாற்பத்திரண்டு. தாலி கட்டிவிட்டார். அட்சதை விழுந்தது. கலியபெருமாள் கையெடுத்துக் கும்பிட்டார். தங்கச்சி கல்யாணத்தில் நேரில்கூட அப்படிக் கும்பிட்டிருக்க மாட்டார்.

அறுபத்து மூன்றில் நின்றது. பந்தி நடக்கிறது. பாயாசம் ஊற்றுகிறவர் கரண்டியைச் சாய்த்தபடி நிற்கிறார். பாயாசம் நூலாகத் தொங்குகிறது, இலையைத் தொடவில்லை.

“பாவம்டா, அவருக்குக் கை வலிக்கும்” என்றார் பன்னீர் அண்ணன்.

கலியபெருமாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அது எங்க மாமன். நேர்லயே அப்படித்தாங்க ஊத்துவாரு.”

சிரித்தோம். ஃபேன் வைத்தால் ஏன் கூடுதல் தூரம் போகிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். துண்டு துண்டாகவாவது வேக வைத்திருக்கலாம். இப்போது தெரிகிறது. அப்போது பட்டன் இருக்கிற இடம்தான் தெரியும்.

சனிக்கிழமை கார்டைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு திருச்சிக்குப் போனேன். மாற்றித் தரச் சொல்லலாம் என்று. பஸ்ஸில் துண்டைப் பிரித்துப் பார்த்தேன். பொட்டு. காய்ந்து மஞ்சளாக, நடுவில் குங்குமத்தோடு. பொட்டு வைத்ததால் கெட்டது என்று கடைக்காரர் சொன்னால் மாற்றித் தர மாட்டார். கைக்குட்டையை எச்சில் பண்ணித் துடைத்தேன். பக்கத்து சீட்டுக்காரர் பார்த்தார். “கொழந்தையா?” என்றார். சுத்தமாகத் துடைத்து, புதுசு மாதிரி ஆக்கிவிட்டேன்.

கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் அதை மாட்டினார். அங்கேயும் விசிறி கீழே பார்த்துத்தான் போனது. படம் வந்தது. இரண்டு நிமிஷம் பார்த்தார். “கார்டு நல்லாத்தாங்க இருக்கு. ஒங்க சிஸ்டம்தான் பழசு” என்று கையில் கொடுத்துவிட்டார்.

திரும்பி வந்து சொன்னேன். பன்னீர் அண்ணன் அவருக்குப் போன் போட்டு, கெட்டதைத் தலையில் கட்டிவிட்டீர்கள், உங்கள் கடை வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று பேசாத பேச்செல்லாம் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பொட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. எல்லாக் கடையும் பூட்டிக் கிடந்தது. எதிர்த்தெரு ஸ்டுடியோக்காரர் மட்டும் ஏதோ வேலையாகத் திறந்து வைத்திருந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

“அண்ணே, எல்லாத்தையும் தூக்கிட்டு எதிர்த்தெரு கடைக்குப் போயி வேக வச்சிட்டு வரட்டுமா?”

“போ. போறப்ப என் போட்டோவுக்கு ஒரு மாலை போட்டுட்டுப் போ.”

அதற்குமேல் கேட்கவில்லை.

கலியபெருமாள் வந்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கார் பேசிவிட்டு வந்திருந்தார். வழக்கம்போல் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒரு சின்ன ஸ்டூலில் இருந்தது. மூடி திறந்திருந்தது. டேபிள் ஃபேன் ஓடியது. நான் நாற்காலியில், பன்னீர் அண்ணன் நின்றுகொண்டு. இருபது வந்தது. முப்பது வந்தது.

“தம்பி.”

“சொல்லுங்கண்ணே.”

“உள்ளார, அந்தப் பலகைக்கு அடியில ஒரு சின்னக் காத்தாடி இருக்கே. அது சுத்தாதா?”

“சுத்தும்ணே.”

“சுத்தலயே.”

நாற்காலியிலிருந்து இறங்கினேன். போதவில்லை. தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தேன். கார்டின் அடியில் விசிறி அசையாமல் இருந்தது. நாலு நாளாக நாங்கள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்துதான் அது தெரியும்.

“மோட்டார்ல தண்ணியத் தள்ளுற இம்பெல்லர் நின்னா இப்படித்தான். சேறு அடைச்சிருக்கும். கழட்டுங்க” என்றார்.

அணைத்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தேன். கை சுட்டது. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவினார். விசிறிக்கும் அதன் சட்டத்துக்கும் நடுவில் விட்டு மெதுவாக நெம்பினார். மஞ்சளாக ஒரு சில்லு உடைந்து தரையில் விழுந்தது. இன்னொன்று. எடுத்து மோந்து பார்த்தார்.

“சேறு இல்லீங்க. சந்தனம்.”

பன்னீர் அண்ணன் என்னைப் பார்த்தார். தண்ணியாகக் குழைத்த சந்தனம். மேலே வைத்தது வழிந்து உள்ளே இறங்கிக் காய்ந்து பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் நான் துடைத்தது மேலே இருந்ததை மட்டும்.

“நான்தாண்ணே வச்சேன்” என்றேன். “நேத்து பஸ்ல தொடச்சதும் நான்தான்.”



“காத்தாடிக்கு எதுக்குடா பொட்டு? அது என்ன, பொண்ணு பாக்கவா போவுது?” என்றார் பன்னீர் அண்ணன். பிறகு தலையைச் சொறிந்தார். “அந்தாளை வேற அவ்வளவு பேசிட்டனே.”

போனை எடுத்தார். “சார், கார்டு மேல தப்பில்ல சார். நேத்து பேசுனத மனசுல வச்சிக்காதீங்க” என்றார். அப்புறம் எதனால் நின்றது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். பன்னீர் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சாமி எறங்கிருச்சு சார்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் வாங்கி ஒரு சொட்டு விட்டார் கலியபெருமாள். விரலால் சுண்டினார். சுற்றியது. மாட்டினேன். எல்லாரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம், பன்னீர் அண்ணனும். திரையை யாரும் பார்க்கவில்லை. அந்தச் சின்ன விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பத்தொன்று எப்போது போனது, பாயாசம் எப்போது இலையில் விழுந்தது, தெரியாது. மணிச்சத்தம் வந்தபோதுதான் நிமிர்ந்தோம்.

“வெந்துடுச்சு” என்றார் கலியபெருமாள்.

டிஸ்க்கோடு நானும் அவருடன் திருமானூர் பஸ்ஸில் ஏறினேன். அவர்கள் வீட்டு பிளேயரில் ஓடாமல் போனால் என்ன செய்வது என்று பயம். மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அவருடைய அப்பா கயிற்றுக் கட்டிலில் காலைத் தலையணைமேல் வைத்துச் சாய்ந்திருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கல்யாணத்துக்குத் தைத்த சட்டை என்று பிறகு தெரிந்தது.

“அடுப்புக்காரத் தம்பியா? வாங்க” என்றார்.

டிஸ்க் ஓடியது. ரோஜாப்பூ விரிந்தது. “எம் பொண்ணு எப்படிய்யா பூவுக்குள்ள போச்சு?” என்று சிரித்தார். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பேர் சொல்லிக்கொண்டே வந்தார். வராதவர்கள் பேரையும் சொன்னார். அவர் வீட்டம்மா கதவுநிலையில் சாய்ந்து நின்றது.

தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இடம் வரும். மணவறையில் உட்கார்ந்திருக்கிற பெண் சட்டென்று தலையைத் திருப்பி மண்டப வாசலைப் பார்க்கும். மூன்று விநாடி இருக்கும். கேமராவைப் பார்க்கவில்லை, முகமும் சரியாக விழவில்லை என்று அதை வெட்டலாம் என்றுதான் இருந்தேன். நேரமில்லாமல் விட்டுவிட்டேன்.

“நிறுத்து” என்றார்.

ரிமோட் என் கையில் இருந்தது. நிறுத்தினேன். பெண் வாசலைப் பார்த்தபடி நின்றது.

“யாரத் தேடுது?” என்றார்.

கலியபெருமாள் தரையைப் பார்த்தார். அவருடைய அப்பா கண்ணை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாள் நான் அந்த மாதிரி நின்றுபோன திரையைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அது நகராமல் இருக்க வேண்டும் என்று ரிமோட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

“சரி” என்றார். “ஓட்டு.”

மறுநாள் கூட்டிப்போனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆனால் திரும்பி வந்தார். கட்டைக்கால் வைத்துக்கொண்டு ஆறு வருஷம் நடமாடினார். கலியபெருமாள் இரண்டு தடவை ஸ்டுடியோவுக்கு வந்து புது டிஸ்க் போட்டு வாங்கிப்போனார். “தெனம் அந்த எடத்துலயே நிறுத்தி நிறுத்திப் பாக்குறாரு தம்பி. அங்கன தேஞ்சிருச்சு” என்றார். நிறுத்திப் பார்ப்பதால் டிஸ்க் தேயாது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை. போட்டுக் கொடுத்தேன்.

மகள் கதைக்கு வருகிறேன். அவள் கம்ப்யூட்டர் நின்றதும் நான் பழக்கத்தில் தரையில் படுத்துக் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். இதில் மூன்று விசிறி. மூன்றும் சுற்றவில்லை.

“காத்தாடி நிக்குது பாரு” என்றேன்.

“அப்பா, எந்திரிங்க. சூடாவுற வரைக்கும் அது சுத்தாதுப்பா. இப்ப வர்றது அப்படித்தான்.” சிரித்தாள். பழைய கார்டின் டிரைவர் உள்ளே மிச்சம் இருந்ததாம். அதைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டாள். இருந்த இடத்திலிருந்தே செய்தாள். அன்றைக்கு நாங்கள் மாற்றி ஒன்றும் ஆகாத டிரைவர், இன்றைக்கு அதுதான் காரணம். ஓடுகிறது. இதுவரை நிற்கவில்லை.

“பொட்டு வச்சியா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?” என்றாள்.

சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த கேனைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பன்னீர் அண்ணன் ஸ்டுடியோ இப்போது இல்லை. எல்லார் கையிலும் போன் வந்தபிறகு ஆள் வரத்து குறைந்தது. மாடிக்கு ஏறிப் போகிற படிக்கட்டையும் இடித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போனது, நாங்கள் எடுத்த கல்யாணப் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. வெந்துடுச்சா என்று கேட்க ஆளில்லை. கல்மரம் என்றால் இப்போது சாத்தனூரில் கிடப்பது மட்டும்தான்.

இரண்டு வருஷம் முன்னால் கலியபெருமாள் பெரம்பலூரில் என்னை விசாரித்துக்கொண்டு வந்தார். தலை நரைத்திருந்தது. பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஒரு டிஸ்க் வைத்திருந்தார். அப்பா போய்ச் சேர்ந்து நாளாயிற்று, இப்போது அம்மா கேட்கிறது என்றார். அது பார்க்க விரும்புவது கல்யாணத்தை அல்ல. அப்பா தினமும் நிறுத்தி நிறுத்திப் பார்த்த அந்த இடத்தை.

தெரிந்த கடை ஒன்றில் பழைய பிளேயரைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தோம். சுற்றியது. படம் வரவில்லை.

டீ வாங்கிக் கொடுத்தேன். பெஞ்சு காலியாக இருந்தது. நான் கூப்பிட்டதும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வேற எங்கயாச்சும் குடுத்து மறுபடி வேக வைக்க முடியாதா தம்பி?”

“அரிசி இல்லண்ணே” என்றேன்.

தலையை ஆட்டினார். டிஸ்க்கைத் திரும்ப உறையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.